வட்டி இறங்கிய மார்கழி

1. கார்த்திகை தீபம் முடிந்த அதே வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மும்பையில் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது.

2. அரசாங்கக் கடன்பத்திரங்களின் விலை உடனே ஏறியது.

3. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன், என் அக்கா தன் கடன்பத்திர ஃபண்டில் இருந்த பணம் முழுவதையும் எடுக்க விண்ணப்பித்தாள்.

4. காலையில் ஏறிய விலை மாலைக்குள் பெரும்பாலும் இறங்கிவிட்டது.

5. மார்கழி பிறந்தது. மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் கிரயம் எழுதுவதில்லை.

6. அக்கா வாங்கவிருந்த கடையின் சொந்தக்காரர், கடையை விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஏதாவது கோணலாகப் போனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அலுவலகத்தில் பழகியது. ஆறாவது வரி நடக்கும்வரை, மூன்றாவது வரியைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஆறாவது வரி முதல் வரியிலிருந்து வந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

கடன்பத்திரங்களின் விலையை வங்கிகளின் திரையில் காட்டுகிற ஒரு மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே செய்கிறேன். விலை சரியா தப்பா என்பது என் கவலை இல்லை. அது தாமதமில்லாமல் வருகிறதா, ஒரே நேரத்தில் ஆயிரம் விலை வந்தால் திரை திணறுகிறதா என்பதுதான். மத்திய வங்கி வட்டி அறிவிக்கும் காலைகளில் திரை நன்றாகத் திணறும். அன்றைக்கு எனக்குக் காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கு மேல்தான்.

அக்கா மருந்தாளுநர். டி.ஃபார்ம் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் பல வருடங்களாக வேலைக்கு இருக்கிறாள். அந்தக் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அவளுடைய சான்றிதழ். கல்லாவில் உட்கார்ந்திருப்பது வேறொருவர். இதை அவள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சொந்தமாக ஒரு மெடிக்கல், அதுவும் அடி அண்ணாமலையில், என்பது அவள் மனதில் நெடுநாளாக இருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் கோபுரத்தருகே கிளம்பும்போது தெம்பாகத்தான் கிளம்புவார்கள். மலைக்குப் பின்பக்கம் வரும்போதுதான் பாதம் கொப்பளிக்கும், கெண்டைக்கால் இழுக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு மயக்கம் வரும். அங்கே டீ கிடைக்கும், சுண்டல் கிடைக்கும், ருத்ராட்சம் கிடைக்கும். ஒரு பிளாஸ்திரி வேண்டுமென்றால் தேட வேண்டும்.

அவள் பார்த்து வைத்திருந்த கடை கிரிவலப் பாதையிலேயே இருந்தது. ஒற்றை ஷட்டர், பின்னால் ஒரு சின்ன அறை. சொந்தக்காரர் அரசு பஸ்ஸில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அடி அண்ணாமலையில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். அவர் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கடையை விற்று, பணத்தை வங்கியில் போட்டு, மாதாமாதம் வரும் வட்டியில் இருவரும் நிம்மதியாக இருப்பது அவருடைய திட்டம்.

அக்காவிடம் பணம் இருந்தது. அப்பா காலமான பிறகு கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த நிலத்தை விற்றோம். அதில் வந்த தன் பங்கையும் சேர்த்து வைத்த சம்பளத்தையும் அவள் அரசாங்கக் கடன்பத்திரங்கள் வாங்கும் ஒரு ஃபண்டில் போட்டிருந்தாள். போடும் முன் மாடிக்கு வந்து என்னை ஒரு மணி நேரம் குடைந்தாள்.

பழைய பத்திரத்துக்கு வட்டி எழுதியது எழுதியதுதான், மாறாது என்று சொன்னேன். வெளியே வட்டி குறைந்தால் புதுப் பத்திரங்கள் கம்மி வட்டிக்குத்தான் வரும். அப்போது கூடுதல் வட்டி தரும் பழையதற்குக் கிராக்கி வரும், விலை ஏறும். வெளியே வட்டி ஏறினால் எல்லாம் தலைகீழ்.

"சரி. இப்ப வட்டி எறங்குமா?"

"எறங்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்கக்கா."

"எல்லாருக்கும் தெரிஞ்சா, வெல இந்நேரம் ஏறியிருக்குமே."

நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னா அப்படிப் பாக்குற? மாத்திரைக்குத் தட்டுப்பாடு வருதுன்னு வாசன பட்டாலே ஸ்டாக்கிஸ்ட் ஸ்கீமை நிறுத்திடுவான். வந்தப்புறமாவா நிறுத்துவான்?"

பத்துக்கு ஒன்று இலவசம் என்று மொத்த வியாபாரிகள் தருவதைத்தான் மருந்துக் கடைகளில் ஸ்கீம் என்பார்கள். அவள் சொன்னது சரி. ஏறியது போக இன்னும் ஏற இடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். யோசித்துவிட்டுப் போட்டாள். முதலில் நன்றாக ஏறியது, பிறகு சில மாதம் தொய்ந்தது. கார்த்திகை வந்தபோது, கண்டக்டர் கேட்ட விலையை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கொஞ்சம் முன்னே என்றால் கடை. கொஞ்சம் பின்னே என்றால் கடைக்கு அலமாரியும் ஃப்ரிட்ஜும் வாங்கக் கடன்.

தீபத்துக்கு முன்பே விலை பேசி முடித்திருந்தோம். தீபம் முடியட்டும் என்றார் கண்டக்டர். அந்த நாட்களில் இந்த ஊரில் வேறு எந்த வேலையும் நடக்காது. அட்வான்ஸ் தருகிறோம் என்றதற்குக் கையை ஆட்டிவிட்டார்.

"அட்வான்ஸ்லாம் எதுக்குமா? உங்க அப்பா என் வண்டியில எத்தன வருஷம் ஏறி இறங்கினவரு. வாய் வார்த்த போதும்."

"சரிங்க சார்" என்றாள் அக்கா. அம்மாவும் தலையாட்டினாள். நானும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா விடுப்பில் இருந்தாள். தீபத்தன்றும் அதற்கு மறுநாளும் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் அவள் கால் வீங்கியிருந்தது. கீழே தொலைக்காட்சியில் மத்திய வங்கியின் ஆளுநர் பேச ஆரம்பித்தார். மாடியில் என் காதில் ஹெட்செட். வட்டி குறைந்தது. அதோடு, சந்தையிலிருந்து அரசாங்கப் பத்திரங்களைத் தாமே வாங்கப்போவதாகவும் சொன்னார்கள். அப்படி வாங்கினால் விற்ற வங்கிகளின் கைக்குப் பணம் போகும். வங்கிகளிடம் பணம் புழங்கினால் கடன் மலிவாகும். தொழிலுக்கு ஊட்டம் கொடுப்பது என்று செய்தியில் சொல்வது இதைத்தான். திரையில் விலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. எங்கள் மென்பொருள் தாங்கியது. படிக்கட்டில் அம்மாவின் குரல் கேட்டது, என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"பத்தரைக்கு ராகு காலம்டி. செய்யறதுனா இப்பவே செய்."

நான் கீழே இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அக்கா காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன்."

"இன்னா முடிச்ச?"

"பணத்த எடுக்கச் சொல்லிட்டேன். நல்லா ஏறியிருக்கசொல்லவே போட்டுட்டேன். ராகு காலத்துக்கும் முன்னாடி."

நான் உட்கார்ந்தேன். ஃபண்டில் நாம் எந்த நிமிடத்தில் பொத்தானை அழுத்துகிறோம் என்பதற்குக் கணக்கில்லை, மதியம் மூன்று மணிக்குள் கொடுத்தால் அன்றைய முடிவு விலைதான் கிடைக்கும் என்று சொன்னேன். அவள் கை கீரையில் நின்றது.

"அப்ப காலைல இருந்த வெல?"

"அது சந்தையோட வெலக்கா. உனக்கு சாயங்காலம் எது நிக்குதோ அது."

அம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப ராகு காலத்துல போட்டிருந்தாலும் அதே வெலையா?"

"அதே வெலதாம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெல அதேதான். பணம் கைக்கு வந்து சேரணும்ல?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பித்ததைத் திரும்பப் பெறவும் வழி தெரியவில்லை. "போவட்டும் உடு. எப்படியும் எடுக்கத்தான போறோம்" என்றாள்.

மாலைக்குள் பச்சை பெரும்பாலும் கரைந்துவிட்டது. வட்டி குறையும் என்று எதிர்பார்த்து முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள், குறைந்ததும் விற்று வெளியே வந்துவிட்டார்கள். இன்னும் குறையும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. இந்த ஊரில் வளர்ந்தவள் நான், எனக்கு இது புரியாத விஷயம் இல்லை. பௌர்ணமிக்கு அறை வாடகை ஏறுவது நிலா வந்த பிறகு இல்லை. நிலா வந்த பிறகும் பூட்டியிருக்கும் அறையை லாட்ஜ்காரர் பாதி விலைக்குத் தருவார்.

அக்காவுக்கு வந்த தொகை கண்டக்டர் கேட்ட விலைக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த இடைவெளியை நான் போட்டுவிடுவதாகச் சொன்னேன். அதற்குப் பின் வந்த வாரங்களில் அந்த ஃபண்ட் இன்னும் இறங்கியது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். மறுநாள் தினசரிக் காலண்டரின் தாளை அவள் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு கிழித்தாள்.

கார்த்திகையில் மிச்சமிருந்த நாட்களில் அம்மா பார்த்ததில் ஒரே ஒரு நாள்தான் எல்லாவகையிலும் நன்றாக இருந்தது. அன்றைக்குக் கண்டக்டரின் மனைவிக்குச் சந்திராஷ்டமம். கண்டக்டர் போனில் வருத்தத்தோடு சொன்னார். இன்னொரு நல்ல நாள் பார்ப்பதற்குள் மார்கழி வந்துவிடும். தை பிறந்ததும் அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார். இரண்டு பக்கமும் இதில் கருத்து வேறுபாடே இல்லை. மார்கழியில் எழுதுவோமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேலையில் ஒரு தேதி தள்ளிப்போனால் அதனால் என்னென்ன மாறும் என்று பட்டியல் போடுகிற நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் என்பது எனக்கு வெறும் காத்திருப்பாகத் தெரிந்தது.

அந்த ஒரு மாதத்தில் வங்கிகள் வேலை செய்துகொண்டிருந்தன. வட்டி குறைந்தாயிற்று, கையில் பணமும் தாராளமாக வந்தாயிற்று, இனி எதற்கு டெபாசிட்டுக்கு அதிகம் தர வேண்டும்? ஒவ்வொரு வங்கியாக டெபாசிட் வட்டியைக் குறைத்தது. இது தொலைக்காட்சியில் வருகிற செய்தி இல்லை. டெபாசிட் முதிர்கிற அன்றைக்கு, கவுண்டரில் நிற்கிறவருக்கு மட்டும் தெரிகிற செய்தி.

கண்டக்டரின் ஒரு டெபாசிட் மார்கழி நடுவில் முதிர்ந்தது.

அவர் கூப்பிட்டதாக அக்கா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் வண்டியில் போனோம். கடை ஷட்டர் பாதி ஏற்றியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துக் கடையிலிருந்து அவரே தூக்கி வந்து போட்டார். டீ சொன்னார். டீ வந்து, குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை முழங்கால் வலியைப் பற்றியே பேசினார்.

"பேங்குக்குப் போயிருந்தேம்மா" என்றார் பிறகு. "பழைய டெபாசிட்ட ரெனியூவல் பண்ணணும். வட்டி கம்மி பண்ணிட்டாங்க. ஏன்டா தம்பின்னு கேட்டா மேல கொறச்சிட்டாங்க சார்ங்கறான். மேலன்னா எங்க? டாப்புல உக்காந்துக்கினு எவனோ கொறச்சிருக்கான்."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"சில்லற இல்லன்னு நான் எத்தன பேர எறக்கி உட்டிருப்பேன். இப்ப என்னை எறக்கி உட்டுட்டான்." சிரிக்கப் பார்த்தார். "நானும் அவளும் நேத்து ராத்திரி கணக்குப் போட்டோம். இதை வித்து அங்க போட்டா வர்றது, இதை வாடகைக்கு உட்டா வர்றதவிட பெருசா ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. மனையும் போயிடும். நாளைக்கு அவன் இன்னும் கொறச்சான்னா?"

"போஸ்ட் ஆபீஸ்ல போடலாமே" என்றேன் நான்.

"எனக்கும் அவளுக்கும் அங்க போட முடிஞ்சதெல்லாம் போட்டாச்சிமா. அதுக்கு மேல வாங்க மாட்டாங்க." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துச் சொன்னார். "வெல ஏத்திக் கேக்கறதுக்காக சொல்றேன்னு நெனச்சிடாத பாப்பா. நீ ஜாஸ்தி குடுத்தாலும் அதுவும் அங்கதான போவணும்."

நான் நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை.

அவர் பேசும்போதுதான், பிறகு நான் எழுதிய ஆறு வரிகளும் எனக்கு ஒன்றாக இணைந்தன. வெள்ளிக்கிழமை காலையில் சொல்லப்பட்ட ஒரு முடிவு என் திரைக்கு வரக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் ஃபண்டுக்கு வர மாலை ஆயிற்று. கண்டக்டருக்கு வர அவருடைய டெபாசிட் முதிர வேண்டியிருந்தது. நாங்கள் முதல் இரண்டையும் முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். விலை ஏறுமா, எந்த நிமிடத்தில் எடுப்பது என்பதுதான் எங்கள் பேச்சு. விற்பவர் எதற்காக விற்கிறார், அந்தக் காரணத்தை எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. அவருடைய காரணம் வட்டி. எங்கள் பத்திரத்தின் விலை ஏற வேண்டுமென்று நாங்கள் ஆசைப்பட்ட அதே வட்டிக் குறைப்பு, கடையை அவர் கையிலேயே நிறுத்திவிட்டது.

வட்டி குறைந்தால் நிலம், தங்கம், பங்கு எல்லாவற்றுக்கும் மதிப்பு கூடும் என்பது என் வேலையில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற வாக்கியம். பணத்தை வைத்திருப்பதைவிடப் பொருளை வைத்திருப்பது மேல் என்று ஆட்கள் நினைக்கத் தொடங்குவார்கள் என்பதே அதன் பொருள். அப்படி நினைக்கத் தொடங்கிய ஒருவரை அதுவரை நான் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. அவருக்குச் சந்தோஷமாக ஒன்றும் இல்லை. மனைவியின் முழங்காலுக்கு ஊசி போட வைத்திருந்த மாதப் பணத்தில் துண்டு விழுந்திருந்தது, அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அக்கா வண்டியை மெதுவாக ஓட்டினாள். செங்கம் சாலை வந்ததும் கேட்டாள்.

"வட்டி இன்னும் கொறையுமா?"

"தெரியாதுக்கா. இப்படியே நிக்கும்னு நெறைய பேர் சொல்றாங்க."

"திரும்ப ஏறுமா?"

"என்னைக்காவது ஏறும்."

"ஏறினா விப்பாரு."

"விக்கலாம்."

"அதுக்குள்ள எனக்கு முட்டி தேஞ்சிடும்" என்றாள்.

தை பிறந்த முதல் வாரத்தில் அவளே மறுபடி போனாள், இந்த முறை கண்டக்டர் வீட்டுக்கு. என்னையும் கூட்டிப் போனாள், பேசாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. விற்க வேண்டாம் சார், வாடகைக்குக் கொடுங்கள் என்றாள். மருந்துக் கடை உரிமம் அந்த இடத்தின் பெயரில் வருவது; இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும், எப்போது விற்றாலும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்றாள்.

வாடகை என்றதும் அவர் முகம் தெளிந்தது. பதிவு என்றதும் சுருங்கியது.

"ரிஜிஸ்டர்லாம் எதுக்குமா? ஊருல எல்லாரும் பதினோரு மாசத்துக்குத்தான் எழுதிக்கிறாங்க. முடிஞ்சா மறுபடி எழுதிக்கலாம். நான் என்ன உன்னை வெளிய போன்னா சொல்லப்போறேன்?"

அக்கா அவசரப்படவில்லை. "சார், பேங்க்ல ரெனியூவலுக்கு நின்னீங்களே, அப்ப எப்படி இருந்துது?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மறுபடி செருகினார்.

"பதினோரு மாசத்துக்கு ஒரு வாட்டி நான் உங்க முன்னாடி அப்படி நிக்கணும். என்னால முடியாது சார்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அது கேக்கறது நியாயந்தான? எழுதிக் குடுங்க."

"நீ சும்மா இரு" என்றார். அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை நடந்து வந்து நின்றார். கண்டக்டர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அவரை உட்கார வைத்த பிறகு எங்களிடம் சொன்னார். "அஞ்சு வேணாம். மூணு வருஷம் போட்டுக்கோ. விக்கறதுனா உன்னைத்தான் முதல்ல கேப்பேன். அதையும் எழுதிக்கோ."

"என்ன வெலைக்குன்னு?"

"அன்னிக்கு என்ன வெலையோ அதுக்குத்தான்மா. அதை எப்படி இப்ப எழுத முடியும்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிபந்தனையை மீறவில்லை. ஒருநாள் வட்டி ஏறி அவருக்கு விற்கத் தோன்றினால் விலை அவ்வளவாக ஏறியிருக்காது என்பது அவளுக்கும் தெரியும். வட்டி ஏறாமலே போனால் விலை அவளுக்கு எட்டாமல் போகலாம் என்பதும் தெரியும். தலையாட்டினாள்.

இப்போதைய நிலை இது. கடை கண்டக்டருடையது. மூன்று வருட வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. மருந்து ஆய்வாளர் வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். உரிமம் இன்னும் வரவில்லை. ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. அக்கா பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பணம் ஒரு வருட டெபாசிட்டில், குறைந்த வட்டிக்கு இருக்கிறது. அந்த வட்டி கடை வாடகைக்குப் போதாது. மீதி வியாபாரத்தில் வர வேண்டும். மத்திய வங்கி அதன் பிறகு ஒருமுறை கூடியது. வட்டியை மாற்றவில்லை.